பழனி மலைகளில் பஃபலோ பில்ஸ்: பனியன் வழிப் பக்தி குறித்த ஒரு முன்னாய்வு

கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை வாடகைக்கு விடும் ஒருவர் டென்வர் பிராங்கோஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பனியனைப் போட்டிருக்கிறார். அந்த அணி எந்த ஊர், என்ன ஆட்டம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அவரை அந்த அணியின் ரசிகராகக் கொள்ளலாமா? கொள்ளலாம். டென்வரில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவரைவிட இவரே மேலான ரசிகர் என்பதும் இக்கட்டுரையின் முடிபு. முடிபை முதலில் எழுதி வைத்துக்கொண்டு ஆதாரத்தைப் பிறகு தேடப் போவது நம் ஆய்வுலகுக்குப் புதிதல்ல என்பதால், அதற்குத் தனியே விளக்கம் தரப்படவில்லை.

ஆய்வின் எல்லை வருமாறு: வடக்கே பழனி அடிவாரம், மேற்கே மன்னவனூரும் கவுஞ்சியும், கிழக்கே தாண்டிக்குடி, தெற்கே வட்டக்கானலில் தரை முடிந்து மேகம் தொடங்கும் விளிம்பு. இந்த எல்லைக்குள் மனித உடம்பின் மீதோ கொடிக்கயிற்றின் மீதோ காணக்கிடைக்கும் பழைய ராக் இசைக்குழுப் பனியன்களும், அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். பனியன்களும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. மெஸ்ஸி, ரொனால்டோ, தோனி பெயர் பொறித்தவை விலக்கப்பட்டன. அவற்றைப் போடுகிறவர்களுக்குத் தாங்கள் போட்டிருப்பது யாரை என்று தெரியும். தெரிந்து செய்யும் பக்தி வேறொரு துறை.

தலை எண்ணிக்கை எடுக்கப்படவில்லை. நோட்டும் பேனாவுமாக ஒருவர் தெருமுனையில் நின்று ஆட்களின் நெஞ்சை உற்றுப் பார்த்து எழுதத் தொடங்கினால், மலைக்கிராமங்களில் அவர் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர், இல்லையென்றால் நிலம் அளக்க வந்தவர். ரேஷன் கார்டு, ஆதார் நகல், மூன்று தலைமுறை வாய்க்கால் தகராறு எல்லாம் அவர் முன்னே விரிக்கப்படும். இரண்டாவது தடை ஸ்வெட்டர். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,100 மீட்டரில் ஒரு பனியன் கண்ணில் படுவது வெயில் ஏறிய பிறகுதான். மூன்று மணிக்கு மேகம் இறங்கியதும் அது மறுபடி கம்பளிக்குள் போய்விடும். ஆகவே இத்துறையில் களப்பணி நேரம் பதினொன்று முதல் மூன்று வரை. அதில் சாப்பாட்டு நேரம் கழிய மிஞ்சியதைக் கொண்டு எழுதியதே இது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மட்டும் விலக்கு. மூட்டை தூக்குகிறவர்கள் எந்தக் குளிரிலும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார்கள். அன்று கேரட் மூட்டைகளுக்கு அடியில் அமெரிக்காவின் பாதி மாநிலங்களைப் பார்த்துவிடலாம்.

ஆட்டம் ஏன் வரவில்லை

பனியன் வந்த மலைக்கு ஆட்டம் ஏன் வரவில்லை? வந்திருக்க எல்லா நியாயமும் இருந்தது. ஊட்டி வெள்ளைக்காரத் துரைமார் உண்டாக்கிய ஊர். கொடைக்கானல் அமெரிக்கர்கள் உண்டாக்கிய ஊர். மதுரையில் 1834-இல் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷன் பாதிரிமார், கீழ்நாட்டுக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பி மேலே ஏறி, 1845-இல் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். பாதிரிமார் பிள்ளைகளுக்காக 1901-இல் பள்ளி ஒன்றும் தொடங்கியது. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான். அமெரிக்கர் ஏறிய மலையில் அமெரிக்க ஆட்டம் ஏறாமல் போனதேன்?

காலக்கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அமெரிக்கக் கால்பந்தின் முதல் கல்லூரி ஆட்டமாகச் சொல்லப்படுவது 1869 நவம்பர் 6-ஆம் தேதி நியூ ஜெர்சியில் ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. பாதிரிமார் மலையேறி 24 ஆண்டு கழித்துத்தான் ஆட்டமே பிறந்திருக்கிறது. அதற்குள் இங்கே ஒரு காரியம் நடந்து முடிந்துவிட்டது. மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்துக் கரை போட்டு ஏரியை உண்டாக்கினார். என்.எஃப்.எல். மைதானத்துக்கு நூறு கெஜம், அதாவது 91 மீட்டருக்குச் சமதரை வேண்டும். இரு முனையிலும் பத்துப் பத்துக் கெஜம் தனி. இந்த மலையில் அதற்கு வாய்ப்பிருந்த பள்ளத்தாக்கில் சுமார் அறுபது ஏக்கருக்குத் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஆட்டம் பிறக்க ஆறு ஆண்டு இருக்கும்போதே மைதானத்தை மூழ்கடித்த நிர்வாகம் வேறெங்காவது உண்டா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் ஆடலாமே என்பார்க்கு: நான்கு முயற்சிக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை விதி. பூம்பாறையில் பத்துக் கெஜம் முன்னேறுகிறவர் அடுத்தவர் வயலில், ஆள் உயரம் கீழே கிடப்பார். பூண்டும் நசுங்கும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது, சும்மா விடமாட்டார்கள்.

இந்தியாவில் யாரும் முயலவே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று ஒன்று 2012-இல் ஆட்டங்களை நடத்தியது. சிகாகோ பேர்ஸ் அணியின் முன்னாள் பயிற்சியாளர் மைக் டிட்கா அதற்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர். ஆட்டங்கள் நடந்தது கொழும்பில். இந்திய லீக்கை இலங்கைக்குக் கொண்டுபோகத் தோன்றியவர்களுக்குக் கொடைக்கானல் தோன்றாமல் போனதற்கும் மேற்படி ஏரியே காரணம் என்க.

மூலமும் பாட வேறுபாடும்

பனியன் வந்த வழியில் மர்மம் ஒன்றும் இல்லை. பழனிக்கு வடக்கே தாராபுரத்தைத் தாண்டினால் திருப்பூர். வெளிநாட்டு ஆர்டருக்குத் தைக்கும்போது, செக்கிங்கில் கழிவது போக எண்ணிக்கை குறையக் கூடாது என்று கொஞ்சம் கூடுதலாகவே தைப்பார்கள். கூடுதலாய்ப் போனதும், கை நீளம் பிசகியதும், சாயம் ஒரு நிழல் மாறியதும் லேபிள் வெட்டப்பட்டு அங்குள்ள காதர்பேட்டைச் சந்தைக்கு வரும். அங்கிருந்து மூட்டையாக ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, பிறகு மலை. இது ஒரு வகை. ஏற்றுமதியாகும் படத்தைப் பார்த்து, எந்தக் குழுவையும் கேட்காமல், உள்ளூரிலேயே அடிப்பது இன்னொரு வகை. முன்னதை மூலபாடம் என்றும் பின்னதைப் பிரதிபேதம் என்றும் இவ்வாய்வு வழங்கும்.

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பிக்குமுன் ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பட்ட பாட்டைத் தமிழர் அறிவர். இத்துறையிலும் அதே பாடுதான். ஏட்டைக் கரையான் அரித்தது, பனியனைச் சவக்காரம் அரிக்கிறது. மெட்டாலிகா என்ற ராக் குழுவின் பெயரில் ஓர் எழுத்து உதிர்ந்த பிரதி கிடைக்கிறது. டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற என்.எஃப்.எல். அணியின் ஐந்து முனை நட்சத்திரம் ஆறு முனையோடு கிடைக்கிறது. இதில் வடிவமைத்தவரின் கவனக்குறைவு எவ்வளவு, சுதந்திர சிந்தனை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். இடைச்செருகல்களும் உண்டு. முன்புறம் ரமோன்ஸ் குழுவின் கழுகு முத்திரை. பின்புறம் ஊர்த் திருவிழாக் குழுவின் பெயர், கீழே உபயம் என்று ஒரு சிமெண்டுக் கடை. பதிப்பாசிரியர் இதில் எதைத் தள்ளுவார்? எதையும் தள்ளக் கூடாது என்பது இவ்வாய்வாளர் கருத்து. சிமெண்டுக் கடைக்காரர் கொடுத்த பணத்தில்தான் பனியனே வந்தது.

நாக்கும் முப்பட்டகமும்

ராக் பனியன்களில் இரண்டை மட்டும் விரித்துப் பார்ப்போம். முதலாவது, சிவந்த உதட்டிலிருந்து நாக்கு நீட்டியிருக்கும் ரோலிங் ஸ்டோன்ஸ் முத்திரை. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்துக்கொண்டிருந்த ஜான் பாஷ் 1970-இல் 50 பவுன் கூலிக்கு வரைந்தது. பாடகர் மிக் ஜாகர் அவரிடம் காட்டிய படம், நாக்கைத் தொங்கவிட்ட காளி. மூலச் சித்திரத்தை 2008-இல் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கி வைத்திருக்கிறது. ஆக, இந்தியாவிலிருந்து புறப்பட்ட நாக்கு கடல் கடந்து, கிட்டாரோடு பழகி, ஐம்பது ஆண்டு ஊர் சுற்றி, பண்ணைக்காட்டில் ஒரு கல்லூரி மாணவன் நெஞ்சில் வந்து சேர்ந்திருக்கிறது. கல்யாணப் பந்தியில் இலை எடுக்கக் குனிந்த அவனைப் பாட்டி அதட்டினார்: “ஆத்தா நாக்கப் போட்டுக்கிட்டு எச்சி எலைய எடுக்காதடா, சட்டைய மாத்து!” கலை வரலாற்றாளர்கள் பேட்டி எடுத்து, கடிதம் தேடி நிறுவிய செய்தி இது. பாட்டிக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது.

இரண்டாவது, பிங்க் ஃபிளாய்டின் முப்பட்டகம். 1973 மார்ச்சில் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்துக்காக ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்புக் குழு செய்த உறை. கறுப்புத் தளம், நடுவில் முக்கோணக் கண்ணாடி. வெள்ளை ஒளி ஒரு பக்கம் நுழைந்து நிறங்களாகப் பிரிந்து மறுபக்கம் போகிறது. வானவில்லுக்கு ஏழு நிறம் என்று பள்ளியில் படித்தோம். அந்த உறையில் ஆறுதான், கருநீலம் இல்லை. ஏன் என்று ரசிகர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதுண்டு. திருப்பூர்ப் பிரிண்டிங் பட்டறையில் கேட்டால் யாரும் பிய்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், கலர் ஏறினால் ரேட் ஏறும்.

இந்தப் பனியன் கொடைக்கானலில் இருப்பதற்கு மற்ற ஊர்களில் இல்லாத உரிமை ஒன்று உண்டு. சூரிய ஒளியைப் பிரித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட வானாய்வகம் இங்கே 1899 முதல் இருக்கிறது. 1909-இல் அங்கே ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் சற்றே விலகி நிற்பதைக் கவனித்து, புள்ளியின் உள்ளிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று அது உலகப் பாடநூல்களில் இருக்கிறது. பிங்க் ஃபிளாய்டுக்கு 64 ஆண்டு முன்பே ஒளியைப் பிரித்த ஊர் இது. ஆனால் அதிலிருந்து ஒரு பனியன்கூட வெளிவரவில்லை. இந்திய அறிவியலின் பெருங்குறைகளில் இதையும் சேர்க்க வேண்டும். அந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 700 வாரங்களுக்கு மேல் இருந்ததாக வியந்து சொல்வார்கள். ஆய்வகத்தின் பட்டியலில் சூரியன் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது, யாரும் வியப்பதில்லை.

இங்கே எதிர்த்தரப்பு வாதத்தைச் சொல்லிவிடுவது நேர்மை. கொடைக்கானலில் பாட்டறிந்த ரசிகர்களும் இருக்கிறார்கள். காசெட் காலத்திலிருந்து சேர்த்தவர்கள், பனிக்காலத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்காமல் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக் காத்தவர்கள். அவர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். பனியன் போட்டவனை நிறுத்தி, “அந்தக் குழு பாடுனதுல மூணு பாட்டுச் சொல்லு” என்பார்கள். சொல்லத் தெரியாதவன் போலி. இந்தச் சோதனை உலகெங்கும் நடப்பதுதான். ஆனால் அது தத்துவ அடிப்படை இல்லாதது. கழுத்தில் உருத்திராட்சம் போட்டவரை நிறுத்தித் தேவாரத்தில் மூன்று பதிகம் சொல் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் ஊரில் கழுத்துகள் காலியாகிவிடும்.

வைணவத்தில் பழைய வழக்கு ஒன்று உண்டு. குரங்குக்குட்டி தன் தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய் அதைக் கவ்விக்கொண்டு போகிறது. ஆன்மா கடைத்தேறுவது எந்த வழி? வடகலையார் முன்னதைச் சொல்வார்கள், தென்கலையார் பின்னதை. அமெரிக்க ரசிகன் குரங்குக்குட்டி. புள்ளிவிவரம், சந்தா, டிக்கெட், சண்டை இத்தனையாலும் அணியைப் பிடித்துத் தொங்குகிறான். பிடி தளர்ந்தால் விழுகிறான். பழனி மலை ரசிகர் எதையும் பற்றவில்லை. அணியே அவரைத் தேடி வந்து, சந்தையில், பேரம் முடிந்த விலையில் கவ்விக்கொண்டது. கையை உள்ளே விட்டது ஒன்றே அவர் செய்த முயற்சி. ஏரிக்கரையில் குரங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பற்றும் விதத்தைப் பார்த்தவர்கள், பற்றுதல்தான் உயர்ந்த வழி என்று வாதாட வர மாட்டார்கள்.

விலங்கியல்

இனி ஆட்டக்காரர்களிடம் வருவோம். என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். மலை அவற்றைப் பேரால் அறியாது, படத்தால் அறியும். டென்வர் பிராங்கோஸின் படம் குதிரைத்தலை. குதிரைக்காரர் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் பொருத்தம் அவர் அறிந்ததைவிட ஆழமானது. டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கும் ஊர். அங்கே ஆட வரும் வெளியூர் அணிக்கு மூச்சு வாங்கும் என்பது அந்த ஊரின் பெருமை. குதிரைக்காரர் தினமும் அதைப் போட்டுக்கொண்டு சுற்றுவது 7,000 அடியில், குதிரையின் ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து, சுமார் ஐந்து கிலோமீட்டர் ஏரிச் சாலை. அந்த அணியில் யாருக்கும் இந்தப் பயிற்சி இல்லை.

பஃபலோ பில்ஸ் இன்னும் முக்கியமானது. நீலநிறக் காட்டெருமை ஒன்று தலையைத் தாழ்த்திப் பாயும் படம். கொடைக்கானலில் இதைப் பார்க்கிறவர் எவரும் அந்த அணியின் ஊர் இருக்கும் நியூயார்க் மாநிலத்தை நினைப்பதில்லை. காட்டுமாடு இங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம்கூட வந்து நிற்கும் பிராணி; பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் குறுக்கே நின்றால் ஊரே காத்திருக்கும். அதனால் மேல்மலைக் கிராமங்களில் இந்தப் பனியன் வனத்துறை கொடுத்தது என்ற கருத்து பரவலாக இருக்கிறது. விழிப்புணர்வு முகாமில் கொடுத்திருப்பார்கள் என்பது ஒரு சாரார். பயிர்ச்சேத இழப்பீட்டுக்குப் பதிலாகக் கொடுத்தது என்பது இன்னொரு சாரார், கொஞ்சம் கசப்போடு. மன்னவனூர்ப் பக்கம் வேலியை முட்டித் திறக்கும் காட்டுமாட்டைப் பார்த்திருந்தால், எதிரணியின் தடுப்பை உடைப்பதற்கு இந்தப் படத்தைத் தேர்ந்தவர்களின் அறிவை மெச்சத் தோன்றும்.

ஆனால் வரலாறு மெச்ச விடவில்லை. 1991, 92, 93, 94 என்று நான்கு ஜனவரிகளில் தொடர்ந்து சூப்பர் பவுல் இறுதியாட்டத்துக்குப் போய், நான்கிலும் தோற்ற ஒரே அணி பில்ஸ். முதல் தோல்வி ஒரே ஒரு புள்ளியில், 20-க்கு 19. கடைசி நொடிகளில் உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்பக்கம் விலகிப்போனது. நகரமே முப்பது ஆண்டாக அந்த உதையைப் பற்றிப் பேசுகிறது. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ், டெட்ராய்ட் லயன்ஸ் ரசிகர்களுக்கு அந்தப் பேச்சுக்கும் வழியில்லை. சூப்பர் பவுல் 1967-இல் தொடங்கியது; அதன் பிறகு கொடைக்கானலில் குறிஞ்சி 1970, 82, 94, 2006, 2018 என்று ஐந்து முறை பூத்துவிட்டது. இந்த இரண்டு அணிகளும் ஒருமுறைகூட இறுதியாட்டத்துக்கு வரவில்லை. குறிஞ்சித் திணைக்குப் புணர்தல் உரிப்பொருள், நெய்தலுக்கு இரங்கல். டெட்ராய்ட் எந்தத் திணை என்று கேட்டால், மாணவர்களும் சரியாகச் சொல்வார்கள்.

தோற்றவர்களின் மலை

இப்போது ஆய்வின் நெஞ்சுக்கு வந்துவிட்டோம். சூப்பர் பவுல் முடிந்த நிமிடமே வென்ற அணி ‘சாம்பியன்’ என்று அச்சிட்ட பனியனைப் போட்டுக்கொண்டு நிற்கும். யார் வெல்வார் என்று தெரியாததால் இரண்டு அணிக்கும் முன்கூட்டியே அடித்துவைக்கிறார்கள். தோற்ற அணியின் சாம்பியன் பனியன்கள் அமெரிக்காவில் கண்ணில் படக்கூடாது. தொண்டு நிறுவனங்கள் வழியாக வெளிநாட்டு ஏழைகளுக்கு அனுப்புவது நெடுநாள் வழக்கம். 2008 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அதுவரை ஆடிய 18 ஆட்டத்தையும் வென்று, கடைசி ஒன்றில் 17-க்கு 14 என்று தோற்றது. ‘19-0’ என்று அடித்த பனியன்கள் நிகராகுவாவுக்குப் போயின. அமெரிக்காவில் நடக்காத வெற்றி மத்திய அமெரிக்கக் கிராமம் ஒன்றில் நடந்து முடிந்து, துவைத்துக் காயப்போடவும் பட்டது.

இவற்றுக்கு உரிய இடம் நிகராகுவா அல்ல, பழனி என்பது இவ்வாய்வாளரின் துணிபு. காரணம் தலபுராணம். நாரதர் கொண்டுவந்த பழம் ஒன்று; உலகைச் சுற்றி முதலில் வருபவர்க்கு என்று போட்டி. முருகன் விதியை உள்ளபடி எடுத்துக்கொண்டு மயிலேறி முழுச் சுற்றையும் சுற்றினார். அண்ணன் அப்பா அம்மாவைச் சுற்றிவிட்டு, இதுவும் உலகம்தான் என்றார். நடுவர் ஏற்றுக்கொண்டார். முடிவைக் கேட்ட தம்பி களத்தைவிட்டு வெளியேறி இந்த மலைக்கு வந்து நின்றுவிட்டார். அமெரிக்கக் கால்பந்து இருபுறமும் கூம்பி மாம்பழம் போல இருப்பதைச் சுட்டிக்காட்டி இன்னும் சில முடிபுகளுக்குப் போகலாம்தான். ஆய்வு ஒழுங்கு கருதி இவ்வளவோடு நிறுத்துகிறோம்.

நடுவர் முடிவால் மனம் உடைவது அமெரிக்காவிலும் உண்டு. 2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்கு எதிராக எதிரணி செய்த ஒரு தவற்றை நடுவர்கள் சொல்லாமல் விட்டார்கள். அணி இறுதியாட்ட வாய்ப்பை இழந்தது. ரசிகர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். லீக் விதியைத் திருத்தியது, ஒரு பருவம் பார்த்துவிட்டுத் திருத்தத்தையே கைவிட்டது. வழக்குப் போட்ட ரசிகர்களில் ஒருவருக்கும் கோவணத்தோடு மலைமேல் போய் நிற்கத் தோன்றவில்லை. வழக்குகள் மறந்துபோயின, இங்கே இன்னும் கூட்டம் குறையவில்லை. ஆறு மணி நேரம் வரிசையில் நின்று சில நொடி தரிசனம் பார்த்துவிட்டு நிறைவாக இறங்குகிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும் என்.எஃப்.எல். ஆட்டத்தில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது ஏறக்குறைய 11 நிமிடம் என்று ஒரு அமெரிக்கப் பத்திரிகை 2010-இல் கணக்குப் பார்த்து அதிர்ச்சியோடு எழுதியது. பழனி வாசகர் எவரும் அதில் அதிர்ச்சிக்கு இடம் காணார்.

2025-ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு சூப்பர் பவுல் நம் கணக்கில் பிப்ரவரி 10, திங்கள் அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. மறுநாள் தைப்பூசம். பழனிச் சாலைகள் முழுக்கப் பச்சை வேட்டியும் பச்சைச் சட்டையுமாகப் பாதயாத்திரை. ஆட்டத்தில் வென்றது ஃபிலடெல்பியா ஈகிள்ஸ், 40-க்கு 22. அவர்கள் நிறமும் பச்சை. திருப்பூர்ச் சாலையில் நடந்து வந்த குழுக்களில் ஈகிள்ஸ் பனியன்கள் இருந்தன. பச்சையாயிருப்பது ஒன்றே விரதத்துக்குத் தேவை. அதிலுள்ள பறவைத்தலையை மயில் என்று கொள்வதற்குத் தடையும் இல்லை. அந்த நேரத்தில் ஃபிலடெல்பியாத் தெருக்களில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. அந்த ஊர் ரசிகர்கள் சந்தோஷம் வந்தால் விளக்குக் கம்பத்தில் ஏறுவார்கள். 2018-இல் ஏற முடியாதபடி போலீசார் கம்பங்களில் எண்ணெய்ப்பசை தடவினார்கள், அப்படியும் ஏறினார்கள். எண்ணெய் தடவிய கம்பத்தில் ஏறுவதற்கு நம் கோயில் திருவிழாக்களில் வழுக்கு மரம் என்று பெயர், மேலே பணமுடிப்பும் கட்டியிருப்பார்கள். ஃபிலடெல்பியாவில் மேலே ஒன்றும் இல்லை. பக்தி என்ற அளவில் அவர்களுக்குக் கொஞ்சம் மதிப்பெண் கூட்டித் தரலாம்.

இறுதியாக ஒரு சோதனை செய்யப்பட்டது. பில்ஸ் பனியன் போட்டிருந்த மன்னவனூர் விவசாயி ஒருவரிடம், உண்மையைச் சொன்னால் அவர் பற்று குறைகிறதா என்று பார்ப்பது நோக்கம். அது வனத்துறைப் பனியன் இல்லை, அமெரிக்காவில் ஒரு அணி, நான்கு வருடம் தொடர்ந்து இறுதியாட்டத்துக்குப் போய் நான்கிலும் தோற்றது என்று விளக்கப்பட்டது. அவர் உருளைக்கிழங்குச் சாக்கை இறக்கி வைத்தார்.

“நாலு வருசமும் ஃபைனலா?”

“ஆமாங்க. நாலும் தோல்வி.”

“நாலு தடவ ஃபைனலுக்குப் போனவனப் போயி தோத்தவன்னு சொல்றீங்களே சார். எங்க ஊரு கபடி டீமு செமி ஃபைனலே பாத்ததில்ல.”

பற்று குறையவில்லை. ஆனால் வேறொன்று நேர்ந்தது. பில்ஸ் இந்த வருடம் எப்படி ஆடுகிறது, யார் பந்து எறிகிறார், அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார். செப்டம்பரிலிருந்து திங்கட்கிழமை காலைகளில் அவரிடமிருந்து போன் வருகிறது. தோற்ற வாரத்தில் நடுவரைத் திட்டுகிறார். பூனைக்குட்டியாயிருந்தவர் பற்றத் தொடங்கிவிட்டார். ஆகவே விதிப்படி அவரது பனியன் தரவுகளிலிருந்து நீக்கப்படுகிறது.